நிறுத்திவைத்த காருக்கு நாளுக்கு 41 வெள்ளி

சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்ளச் சிஓஇ என்னும் உரிமைச் சான்றிதழ் வேண்டும். 2023 அக்டோபர் ஏலத்தில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 1,50,001 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போனது. கார் விலை தனி. சான்றிதழுக்கு ஆயுள் 10 ஆண்டு. அப்படியென்றால் வண்டியை வெளியே எடுக்காவிட்டாலும் நாளுக்கு 41 வெள்ளி கரைகிறது. இவ்வளவு கொட்டிக் கொடுத்தவர் பேருந்தில் போவாரா? கட்டின காசுக்கு ஓட்டித் தீர்ப்போம் என்றுதான் நினைப்பார். நெரிசலைக் குறைக்க வந்த முறை, வாங்கியவரை ஓட்டத் தூண்டுகிறது.

ஓட்டுவதற்கு விலை வைப்பதும் அங்கே பழைய கதைதான். 1975இல் காலை நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் நுழைய 3 வெள்ளிச் சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியிருந்தது. 1998இல் கடந்து செல்லும் காரிடம் தானாகக் கட்டணம் பிடிக்கும் இஆர்பி மின்னியல் வளைவுகள் வந்தன. விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர் வேகம் இருக்க வேண்டும் என்பது இலக்கு. அதற்குக் கீழே போனால் கட்டணம் ஏறும். மேலே போனால் இறங்கும். நெரிசலில் நுழையும் ஒவ்வொரு காரும் பின்னால் வருபவர்களின் நேரத்தைத் தின்கிறதே, அந்த இழப்புக்கான விலை இது.

வளைவுக்கு ஒரு குறை உண்டு. அதைத் தாண்டி 1 கிலோமீட்டர் போனாலும் 10 கிலோமீட்டர் போனாலும் ஒரே காசு. கட்டணம் குறையும் நிமிடத்துக்காக வளைவுக்கு முன்னால் ஊர்ந்து காத்திருக்கும் சாமர்த்தியசாலிகளும் உண்டு.

2023 இறுதியில், ஓடும் தொலைவையும் கணக்கிடக்கூடிய செயற்கைக்கோள் வழிக் கருவியை வண்டிகளில் பொருத்தத் தொடங்கினார்கள். ஒப்பந்த மதிப்பு 55.6 கோடி வெள்ளி. காருக்கு மூன்று துண்டுகள்; ஒரு பெட்டி முன்னிருக்கைப் பயணியின் காலருகே. முகம் சுளித்தவர்கள் ஏராளம். செயற்கைக்கோள் காரைத் துரத்துகிறது என்பது தவறான எண்ணம். அதன் சிக்னலைக் கொண்டு கருவியே தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் அந்தப் பயண விவரம் யார் கைக்குப் போகும் என்ற கவலை நியாயமானதே.

இத்தனைக்கும் தொலைவுக்கேற்ற கட்டணம் கருவியோடு வரவில்லை. பழைய முறையே தொடரும் என்றார்கள். இருந்தாலும் 2024 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வந்தது: 2025 பிப்ரவரி முதல் சில ஆண்டுகளில் சுமார் 20,000 கூடுதல் சான்றிதழ்கள். புதிய முறையால் நெரிசலைக் கூடுதலாகக் கட்டுப்படுத்த முடியும் என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. கட்டணப் பாரம் வாங்குபவரிடமிருந்து ஓட்டுபவருக்கு மெல்ல நகர்கிறது.

பொருளியல்படி இது சரியான திசை. ஆனால் சரக்கு வேன் ஓட்டுநர் நினைத்த நேரத்தில் வண்டியை நிறுத்திவிட முடியாது. கிலோமீட்டருக்குக் கட்டணம் வைக்கும் நாளில், சான்றிதழ் விலையும் கண்ணுக்குத் தெரியும்படி இறங்க வேண்டும். இரண்டையும் உச்சத்தில் வைத்தால் அது வெறும் வசூல்.