ஐந்து தாள்கள், 120 மாதங்கள்: வெளிநாட்டிலிருந்து போலீஸ் சான்று வாங்கும் கணக்கு

வெளிநாட்டில் வாழும் இந்தியர் ஒருவர் சொந்த ஊர்ப் போலீசிடமிருந்து ‘இவர் மீது வழக்கு எதுவும் இல்லை’ என்ற சான்றைப் பெற, இந்தியத் தூதரகத்துக்குக் கட்டும் அடிப்படைக் கட்டணம் 25 அமெரிக்க டாலர். அதே சான்றை ஊரில் இருந்தபடி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் வாங்கினால் 500 ரூபாய். ஒரு டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25 டாலர் என்பது 2,200 ரூபாய். ஒரே தாள்தான். கடல் தாண்டியதும் அதன் விலை 4.4 மடங்காகிறது.

விலையைக் கண்டு யாரும் மலைக்க வேண்டியதில்லை. பி.சி.சி. என்று எல்லோரும் சொல்லும் இந்தச் சான்றில் மிகச் சிறிய எண் கட்டணம்தான். பெரிய எண்கள் காலண்டரில் இருக்கின்றன. எந்த நாட்டில் எத்தனை மாதம் இருந்தோம், எந்தத் தாள் எத்தனை நாள் செல்லும், எதை முதலில் கேட்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் முன்கூட்டியே விடை எழுதி வைத்தவர்களுக்கு இது ஒரு சில்லறைச் செலவு. எழுதி வைக்காதவர்கள் குடியேற்ற வாய்ப்பையே இழக்கக்கூடும்.

முதல் பத்தி: மாதங்கள்

எத்தனை சான்று வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நாம் போகப்போகும் நாடு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அளவுகோல் உண்டு.

கனடா (நிரந்தர வசிப்புரிமை): கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு நாடும். 18 வயதுக்கு முந்தைய காலம் கணக்கில் வராது.

ஆஸ்திரேலியா: கடந்த 10 ஆண்டுகளில் கூட்டிப் பார்த்து 12 மாதம் வசித்த ஒவ்வொரு நாடும். 16 வயதிலிருந்து கணக்கு.

அமெரிக்கா (குடியேற்ற விசா): 16 வயதுக்கு மேற்பட்டோர். குடியுரிமை உள்ள நாட்டிலும் இப்போது வசிக்கும் நாட்டிலும் 6 மாதத்துக்கு மேல் இருந்திருந்தால் சான்று தேவை. முன்பு வசித்த பிற நாடுகளுக்கு அளவு 12 மாதம். அமெரிக்காவின் சொந்தச் சான்றை அவர்கள் கேட்பதில்லை.

பிரிட்டன்: எல்லோருக்கும் இல்லை. கல்வி, மருத்துவம், சமூகப் பராமரிப்பு போன்ற சில வேலைகளுக்கு மட்டும், 10 ஆண்டுகளில் 12 மாதம் வசித்த நாடுகள், 18 வயதிலிருந்து.

வேறுபாடு சிறியதாகத் தோன்றும், விளைவு அப்படியல்ல. வேலை நிமித்தம் ஜெர்மனியில் 8 மாதம் தொடர்ந்து தங்கிய ஒருவர் கனடாவுக்கு விண்ணப்பித்தால் ஜெர்மன் சான்று வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு என்றால் வேண்டாம். 17 வயதுப் பிள்ளைக்கு ஆஸ்திரேலியா சான்று கேட்கும், கனடா கேட்காது.

மாதிரிக் கணக்கு: ஒரு தம்பதி

திருச்சியைச் சேர்ந்த ஒரு தம்பதி இப்போது டெக்சாஸில் இருக்கிறார்கள் என்றும், 2026 ஜனவரியில் கனடாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். கணக்கில் வரும் 10 ஆண்டுகள் 2016 ஜனவரி முதல் 2025 டிசம்பர் வரை. ஆளுக்கு 120 மாதம்.

மனைவி: இந்தியாவில் 18 மாதம் (2017 ஜூன் வரை), சிங்கப்பூரில் 48 மாதம் (2021 ஜூன் வரை), அமெரிக்காவில் 54 மாதம். மூன்று நாடு, மூன்று தாள்.

கணவர்: இந்தியாவில் 66 மாதம், அமெரிக்காவில் 54 மாதம். இரண்டு நாடு, இரண்டு தாள்.

ஆக மொத்தம் ஐந்து தாள்கள். இருவரின் வரிசையிலும் கூட்டுத்தொகை 120 வருகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. 119 வந்தால் எங்கோ ஒரு மாதம் விடுபட்டிருக்கிறது. விண்ணப்பத்தில் தேதிகளுக்கு இடையே காலி இடம் இருந்தால் அதிகாரி அதைக் கேட்பார். பாஸ்போர்ட் முத்திரைகளையும் பழைய பயணச்சீட்டு மின்னஞ்சல்களையும் வைத்து ஒரு மாலையில் இந்தப் பட்டியலைப் போட்டுவிடலாம்.

இரண்டாம் பத்தி: பணம்

இந்தியா, தூதரகம் வழி: 2 × 25 = 50 டாலர்
அமெரிக்கா, எஃப்.பி.ஐ. பதிவு: 2 × 18 = 36 டாலர்
கைரேகை, அமெரிக்கத் தபால் நிலையத்தில் மின்னணு முறையில்: 2 × 50 = 100 டாலர்
சிங்கப்பூர்ப் போலீஸ் சான்று: 55 சிங்கப்பூர் டாலர், ஏறக்குறைய 42 அமெரிக்க டாலர்
கூட்டினால்: 228 டாலர். ரூபாயில் சுமார் 20,000.

இதில் 100 டாலர், அதாவது 44 விழுக்காடு, கைரேகைக்கே போகிறது. எஃப்.பி.ஐ. பெயரை வைத்துத் தேடுவதில்லை. விரல் ரேகையை வைத்தே தேடுகிறது. பதிவைத் தேடித் தருவதற்கு 18 டாலர். விரலை வைப்பதற்கு அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. சிங்கப்பூரை விட்டு வெளியேறிய பிறகு விண்ணப்பிப்பவர், இப்போது வசிக்கும் ஊரில் முறைப்படி எடுத்த கைரேகையை அதற்கும் தனியாகத் தர வேண்டும்.

இந்தியச் சான்றுக்கு 25 டாலரோடு முடிவதில்லை. 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதிக்கு ஒரு சிறு தொகை, விண்ணப்பம் வாங்கும் தனியார் மையத்தின் சேவைக் கட்டணம், கூரியர் ஆகியவை சேரும். இவை நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் நாளில் பார்த்து அந்த வரியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

கனடா 2024 ஏப்ரல் 30 அன்று உயர்த்திய விகிதப்படி ஒருவருக்கு விண்ணப்பக் கட்டணம் 950 கனடிய டாலர், நிரந்தர வசிப்புரிமைக் கட்டணம் 575. இருவருக்கும் 3,050. ஒரு அமெரிக்க டாலருக்கு 1.38 கனடிய டாலர் என்று பார்த்தால், ஐந்து தாள்களின் 228 டாலர் சுமார் 315 கனடிய டாலர். விண்ணப்பச் செலவில் பத்தில் ஒரு பங்கு. இந்தப் பத்தில் ஒரு பங்கு தாமதமானால் மீதி ஒன்பது பங்கும் நகராது.

வேறு சில நாடுகளில் விலை இதைவிடக் குறைவு. மலேசியாவின் நன்னடத்தைச் சான்று 20 ரிங்கிட். ஜெர்மனியின் சான்று 13 யூரோ.

சில நாடுகள் சான்றின் மேல், அதை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரையும் கேட்கும். இந்தியா அதற்கான ஹேக் உடன்படிக்கையில் 2005 ஜூலை 14 முதல் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணம் 50 ரூபாய். எஃப்.பி.ஐ. தாளுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை 20 டாலர் வாங்குகிறது. மேலே சொன்ன கனடா விண்ணப்பத்துக்கு இது தேவையில்லை. எனவே கேட்காத முத்திரைக்கு இடைத்தரகரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

மூன்றாம் பத்தி: நாட்கள்

கனடா புள்ளி அடிப்படையில் குடியேறுவோரைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு வந்த நாளிலிருந்து விண்ணப்பத்தை முழுமையாகச் செலுத்த 60 நாள். அழைப்பு வந்த பிறகுதான் இந்தியச் சான்றுக்கு ஓடுவது பலரின் வழக்கம். அந்த 60 நாளில் என்னென்ன நடக்க வேண்டும் என்று பாருங்கள். டெக்சாஸில் கொடுத்த விண்ணப்பம் ஹூஸ்டன் துணைத் தூதரகத்துக்குப் போகும். அங்கிருந்து இந்தியாவுக்கு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று நான்கு மண்டல பாஸ்போர்ட் அலுவலகங்கள். விசாரணை மாவட்ட எஸ்.பி. அலுவலகம் அல்லது மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம் வழியாக உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு இறங்கும்; அதே படிகளில் மறுபடி ஏறும்.

பாஸ்போர்ட் தொடர்பான போலீஸ் சரிபார்ப்புக்கு வெளியுறவு அமைச்சகம் வைத்திருக்கும் அளவு 21 நாள். அறிக்கை 21 நாளுக்குள் வந்தால் மாநிலக் காவல்துறைக்கு 150 ரூபாய் ஈடு. தாண்டினால் 50 ரூபாய். 60 நாளில் 21 என்பது 35 விழுக்காடு. விசாரணைக்கு வரும் காவலர் திருச்சி வீட்டுக் கதவைத் தட்டும்போது பூட்டியிருந்தால், இந்தக் கணக்கு முழுவதும் தள்ளிப்போகும்.

சான்றுகளின் ஆயுளோ நாட்டுக்கு நாடு வேறு. கனடாவில், இப்போது வசிக்கும் நாட்டின் தாள் விண்ணப்ப நாளுக்கு 6 மாதத்துக்கு முன்பு வாங்கியதாக இருக்கக் கூடாது. முன்பு வசித்த நாட்டின் தாள், கடைசியாக அங்கே வசித்து முடித்த பிறகு வாங்கியதாக இருந்தால் போதும். ஆஸ்திரேலியாவில் 12 மாதம். அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கு 2 ஆண்டு. அந்த விசாவுக்கு, விட்டு வந்த நாட்டுக்குத் திரும்பிப் போகாதவரை அந்த நாட்டுத் தாள் காலாவதி ஆவதில்லை.

நம் தம்பதிக்கு இதிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. அதிக நாள் இழுக்கக்கூடிய இந்தியத் தாள்கள் இரண்டும் கனடாவின் கணக்கில் காலாவதி ஆகாதவை, அவர்கள் மறுபடி ஊரில் 6 மாதம் தங்காதவரை. சிங்கப்பூர்த் தாளும் அப்படியே. ஆயுள் குறைவானது எஃப்.பி.ஐ. தாள்தான், மின்னணுக் கைரேகை கொடுத்தால் விரைவில் வருவதும் அதுதான். ஆகவே இந்தியா முதலில், சிங்கப்பூர் அடுத்து, எஃப்.பி.ஐ. கடைசியில். இந்திய விண்ணப்பத்தை அழைப்புக்குக் காத்திராமல் இன்றே போடலாம். அப்படிப் போட்டவருக்கு அந்த 60 நாளும் வேறு ஆவணங்களுக்கு முழுதாக மிஞ்சும்.

தவறவிட்டால் என்ன விலை? அழைப்பு காலாவதியாகி, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். கனடாவின் புள்ளி முறையில் துணையோடு விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வயது வரை வயதுக்கு 100 புள்ளி. 30 ஆனால் 95, 31 ஆனால் 90. அதிலிருந்து 40 வயது வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 5 புள்ளி போகிறது. 25 டாலர் தாள் ஒன்று தாமதமானதால் இழக்கும் 5 புள்ளியை எந்தக் கட்டணமும் திருப்பி வாங்கித் தராது.

நான்காம் பத்தி: எழுத்துகள்

தாமதத்துக்கு இடம் கொடுப்பவை பெரும்பாலும் இரண்டு வரிகள்: முகவரி, பெயர்.

பாஸ்போர்ட்டில் ஒரு முகவரி, ஆதாரில் இன்னொன்று, பெற்றோர் இப்போது குடியிருக்கும் வீடு மூன்றாவது. போலீஸ் விசாரிப்பது விண்ணப்பத்தில் எழுதிய இந்திய முகவரியை. நம்மைத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கும் முகவரியையே எழுத வேண்டும். வீட்டில் இருப்பவரிடம் பாஸ்போர்ட் நகல், தற்போதைய விசா நகல், விண்ணப்ப எண் மூன்றையும் முன்பே அனுப்பி, காவலர் வருவார் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

பெயர் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். குடும்பப் பெயர் இல்லாமல் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு வளர்ந்தவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் பெயர் முழுவதும் ஒரே கட்டத்தில் இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயரின் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்ற மூன்று எழுத்துகள் ஏறிவிடும். அந்தப் பெயரிலேயே ஓட்டுநர் உரிமம், அதை வைத்து எஃப்.பி.ஐ. விண்ணப்பம் என்று தொடர்ந்தால், ஒரே ஆளின் ஐந்து ஆவணங்களில் மூன்று வடிவப் பெயர் நிற்கும். ஐந்து தாளையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் கேளுங்கள். தவறான பெயரில் வந்த தாளுக்கு மறுபடி அதே கட்டணம், மறுபடி அதே நாட்கள்.

கூட்டுத்தொகை

மாதம் 120, தாள் 5, செலவு 228 டாலரும் சில்லறையும், கெடு 60 நாள், போலீஸ் அளவு 21 நாள், தாமதத்தின் விலை 5 புள்ளி. இந்த ஆறு எண்களில் நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: எப்போது தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து அந்த 60 நாள் போதுமா போதாதா என்பது.

அரசிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. 500 ரூபாய்க்கும் 25 டாலருக்கும் இடையே உள்ள 1,700 ரூபாய் வேறுபாட்டை, பாலைவனக் கட்டுமானத் தளத்தில் நிற்கும் தொழிலாளியும் கட்டுகிறார். அந்தப் பணத்துக்கு ஈடாக, தம் விண்ணப்பம் இன்று எந்த மேசையில் இருக்கிறது, விசாரணைக்கு என்று வருவார்கள் என்பதையாவது அவருக்குக் குறுஞ்செய்தியில் சொல்ல வேண்டும். 21 நாள் அளவைக் காவல்துறைக்கு வைத்த அரசு, விண்ணப்பதாரருக்கும் ஒரு தேதியை எழுத்தில் தர வேண்டும்.

நாடு மாறப்போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நாட்டை விட்டுக் கிளம்புமுன் அங்கே இருந்த முகவரிகள், தேதிகள், அடையாள அட்டை நகல்கள், முடிந்தால் முறைப்படி எடுத்த கைரேகை இவற்றைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். புது நாட்டில் குடியேறிய முதல் சில மாதங்களுக்குள், விட்டு வந்த நாட்டின் போலீஸ் சான்றை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கேட்கும் நாள் வரும்போது அது உங்கள் கோப்பில் இருக்கட்டும்.