தொழிற்சங்கக் கணக்கும் அங்கத்தினர் உரிமையும்

மாதச் சந்தாவைச் செலுத்தி ரசீது பெற்றதோடு தொழிற்சங்க அங்கத்தினரின் கடமை தீர்ந்தது என எண்ணுவோர் பலர். கூட்டுறவுச் சங்கங்களிலும் இம்மனப்பான்மையை நாம் காண்கிறோம். தீர்மானப் புத்தகத்தில் படியாமலே கையொப்பமிடுவோர் எத்தனை பேர்!

சென்னைப் பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்கென 1918 ஏப்ரல் 27ஆம் நாள், பி. பி. வாடியா அவர்களின் தலைமையில், சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பில்லாத காலம் அது. 1920இல் ஆலை நிர்வாகம் வழக்குத் தொடுக்க, தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டலாகாதென்று தலைவர்களுக்கு உயர்நீதிமன்றம் தடையுத்தரவு இட்டது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமே பதிவுபெற்ற சங்கங்களுக்கு இத்தகைய வழக்குகளிலிருந்து காப்பளித்தது.

காப்பளித்த அச்சட்டம் கணக்கும் கேட்டது. பொதுநிதியை எவ்வெவற்றிற்குச் செலவிடலாம் என்பதை அதன் 15ஆம் பிரிவு வரையறுத்தது: ஊழியர் சம்பளம், தணிக்கை, வழக்குச் செலவு, நோய், முதுமை, மரணம் நேர்ந்தவிடத்து உதவி முதலியன. அரசியல் காரியங்களுக்குத் தனிநிதி வேண்டும். அதற்குப் பணம் தருமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. 20ஆம் பிரிவோ, விதிகளில் குறித்த நேரத்தில் கணக்குப் புத்தகங்களையும் அங்கத்தினர் பட்டியலையும் பார்வையிடும் உரிமையை ஒவ்வோர் அங்கத்தினருக்கும் வழங்கியது. 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமை உண்டு. இது காரியதரிசி காட்டும் சலுகையன்று.

மகாசபைக்கு ஒரு வாரம் முன்னரே சென்று பார்த்துவிடுதல் நலம். கூட்டத்தன்று கேட்டால், நேரமில்லை என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும்.