உங்களுக்குத் தெரியுமா? முகப்பருவைத் தணிக்கும் இரத்த அழுத்த மாத்திரை

முகப்பரு பருவ வயதோடு நின்றுவிடும் என்னும் பொதுக்கருத்துக்கு மாறாக, இருபத்தைந்து வயதைக் கடந்த பெண்கள் பலருக்கும் தாடையிலும் முகவாயிலும் வலியுடன் கூடிய பருக்கள் தோன்றுகின்றன. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் அவை மிகுவதும் உண்டு. பெண்ணுடலிலும் சிறிதளவு சுரக்கும் ஆண்ட்ரோஜன்கள், அதாவது ஆண்பால் ஹார்மோன்கள், தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுவதே இதற்கு அடிப்படை எனினும், இவர்களுள் பெரும்பாலோரின் இரத்தத்தில் அவற்றின் அளவு இயல்பாகவே இருப்பதால், தோல் அவற்றுக்கு மிகையாக எதிர்வினையாற்றுவதே காரணம் எனக் கருதப்படுகிறது.

உடலில் தேங்கிய நீரை வெளியேற்றவும் இரத்த அழுத்தத்தைக் குறைக்கவும் உருவாக்கப்பட்ட ஸ்பைரோனோலாக்டோன் என்னும் மாத்திரை, ஆண்ட்ரோஜன்கள் சென்று பொருந்தும் உயிரணுப் புரதங்களாகிய ஏற்பிகளையும் மறித்துவிடுகிறது. ஆண்களுக்கு மார்பக வீக்கத்தைத் தரும் இந்தப் பக்கவிளைவே பெண்களின் பருவுக்கு மருந்தாயிற்று. பல்லாண்டுகள் போதிய சான்றின்றியே பரிந்துரைக்கப்பட்டுவந்த இம்மருந்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், போலி மாத்திரையைவிடச் சிறந்த பயனைத் தந்தது. அப்பயன் 12ஆம் வாரத்தைவிட 24ஆம் வாரத்திலேயே தெளிவாகத் தெரிந்ததால், இடையில் கைவிடுவோர் அதனை முழுமையாக அறிய வாய்ப்பில்லை. இதே ஏற்பிகளைத் தோலிலேயே மறிக்கும் கிளாஸ்கோட்டெரோன் களிம்புக்கு அமெரிக்கா 2020இல் ஒப்புதல் அளித்தது.

பருவுடன் மாதவிடாய் ஒழுங்கின்மையோ முகத்தில் முடி வளர்ச்சியோ சேர்ந்திருப்பின் சினைப்பை நீர்க்கட்டிக்கான பரிசோதனை தேவைப்படும். கருவிலுள்ள ஆண் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால், கருவுற்றோரும் கருத்தரிக்க விழைவோரும் ஸ்பைரோனோலாக்டோனை உட்கொள்ளலாகாது.