இருட்டு பெற்றெடுக்கும் குட்டிகள்

ஸ்பைடர் பிளான்ட் தொட்டியிலிருந்து தொங்குவது கொடி என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பூத்தண்டு. இலைக்கொத்தின் நடுவிலிருந்து நீண்டு வரும் அந்த மெல்லிய தண்டில் முதலில் ஆறு இதழ்களோடு சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள் மலரும். பிறகு அதே தண்டின் கணுக்களில், விதைக்குக் காத்திராமல், இலையும் வேர்முனையுமாக முழுக் குட்டிச்செடிகள் முளைக்கும். அவற்றின் பாரத்தில்தான் தண்டு வளைகிறது. சொந்த மண்ணான தென்னாப்பிரிக்காவில் அது தரையைத் தொட, குட்டி அங்கேயே வேர்பிடித்துத் தனிச்செடியாகிவிடும். வீட்டில் நாம் மண் எட்டாத உயரத்தில் மாட்டிவைப்பதால் அந்தரத்தில் நிற்கிறது. தாவர ஆய்விலும் ஊறிப்போயிருந்த ஜெர்மன் கவிஞர் கோதே இந்தப் பிறப்பைக் கண்டு வியந்தார். வைமரில் இதை வளர்த்து, குட்டிகளை நண்பர்களுக்கும் கொடுத்தார்.

செடி செழிப்பாக இருந்தும் தண்டு விடவில்லையா? உடனே உரத்தை மாற்றத் தோன்றும். நான் முதலில் பார்க்கச் சொல்வது கூடத்து விளக்கை. பகல் சுமார் 12 மணி நேரத்துக்குள் அடங்கி, இரவின் இருட்டு இடையில் கலையாமல் சில வாரங்கள் தொடர்ந்தால், வளர்ந்த செடி தண்டுவிடத் தூண்டப்படுகிறது. சென்னையில் டிசம்பர் மாதப் பகல் 11 மணி 20 நிமிடத்தை ஒட்டியே இருக்கும். செடிக்கு அது போதும். ஆனால் இரவு பதினொரு மணிவரை டியூப்லைட் எரியும் கூடத்தில் அந்தச் செடிக்குப் பகல் முடிவதே இல்லை. ஐப்பசியிலிருந்து மாசிவரை, மாலையில் விளக்கு போடாத அறையின் ஜன்னலோரத்துக்கு அதை மாற்றிப் பாருங்கள். பகலில் நல்ல வெளிச்சம் வேண்டும், உச்சிவெயில் மட்டும் நேராகப் படக்கூடாது.

வாங்கும்போது இலையின் கோட்டைக் கவனியுங்கள். நடுவில் வெள்ளைக்கோடு ஓடினால் ‘விட்டேட்டம்’, ஓரங்களில் ஓடினால் ‘வேரிகேட்டம்’, இலை சுருண்டிருந்தால் ‘போனி’. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. குருத்துநுனியின் செல் அடுக்குகளில் ஒன்று பச்சையம் செய்யும் திறனை இழந்ததால் வந்த கோடு அது. தண்டில் பிறக்கும் குட்டி அந்த அடுக்குகளை அப்படியே வாங்கிக்கொள்வதால் கோடும் கூடவே வருகிறது. விதை ஒற்றைக் கருசெல்லிலிருந்து தொடங்குவதால் அடுக்கும் போகிறது, கோடும் போகிறது. வெளிச்சம் குறைந்த வீட்டுக்கு முழுப்பச்சை வகையே பொருத்தம். ஒவ்வொரு இலையும் முழுசாக உணவு செய்யும்.

தண்ணீர் விஷயத்தில் அன்புதான் ஆபத்து. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகத் தடித்த வேர்கள் தெரியும். அவை நீர்ச்சேமிப்புக் கிடங்குகள். தண்ணீர்விட்டான் கிழங்கும் இதே தாவரக் குடும்பம்தான் என்றால் ஆச்சரியப்பட மாட்டீர்கள். மேல்மண் ஒரு விரற்கணு ஆழத்துக்குக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். தினமும் ஊற்றினால் வேர் அழுகும்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிறார்கள். 1980களில் நாசாவுக்காக விஞ்ஞானி வோல்வர்ட்டன் செய்த சோதனைகள் காற்றுப்புகாத பெட்டிகளுக்குள் நடந்தவை. அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கணக்கிட்டபடி, சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள்வரை வேண்டும். அதற்காக மட்டும் வாங்கவேண்டாம்.

இலைநுனி பழுப்பாகக் கருகுவது இந்தச் செடியின் தீராத புகார். வறட்சியாலும் வரும், உப்புத்தண்ணீராலும் வரும், ஃப்ளூரைடாலும் வரும். வேர் உறிஞ்சும் நீரோடு ஃப்ளூரைடு இலைக்கு ஏறுகிறது; நீர் ஆவியாகிவிட, அது மட்டும் நுனியில் தங்கிச் சேர்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் இது அதிகம் என்பது தெரிந்ததே. காய்ச்சினால் போகாது, நீர் வற்றுவதால் செறிவு இன்னும் கூடும். மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றலாம். கருகிய நுனி மறுபடி பச்சையாகாது, கத்தரித்துவிடுங்கள். புதிதாக விரியும் இலைகளின் நுனியைப் பார்த்தால் மாற்றம் பலித்ததா என்று தெரிந்துவிடும்.