'ஃப்ரீ'ன்னா எந்த ஃப்ரீ? ஒரு வார்த்தை, அஞ்சு அர்த்தம், ஒரு கோர்ட் கேஸ்

சமீபத்துல ஆன்லைன்ல ஸ்பானிஷ் கத்துக்க ஆரம்பிச்சிருக்கேன். மூணாவது க்ளாஸ்ல டீச்சர் என்னைப் பத்தி ரெண்டு வரி எழுதச் சொன்னாங்க. "நான் ஒரு பாட்காஸ்ட் பண்றேன், அது ஃப்ரீ"ன்னு எழுத நினைச்சேன். அகராதியில ஃப்ரீக்கு முதல்ல இருந்த வார்த்தை 'லிப்ரே'. அதையே போட்டேன். டீச்சர் சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க: "அப்படியா? எந்த ஜெயில்ல இருந்து வெளிய வந்துச்சு?"

நான் எழுதியிருக்க வேண்டியது 'கிராத்திஸ்'. காசு வேண்டாம்னு அர்த்தம். 'லிப்ரே'ன்னா சுதந்திரமா இருக்கிறது, இல்லன்னா காலியா இருக்கிறது. எனக்கு இந்தத் தப்பு ஒரு சிரிப்போட போச்சு. ஆனா இதே தப்பு ஒரு கோர்ட் தீர்ப்பையே மாத்தியிருக்கு. அதுக்கு வர்றதுக்கு முன்னாடி, வார்த்தையைக் கொஞ்சம் பிரிச்சுப் பாத்துடுவோம்.

நாமளே எத்தனை ஃப்ரீ சொல்றோம்?

"ஈவினிங் ஃப்ரீயா?" "ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ." "சுகர் ஃப்ரீ பிஸ்கட்." "இன்னிக்கு ஃப்ரீ ஹேர்." "மச்சி, ஃப்ரீயா விடு." அஞ்சு இடம், அஞ்சு அர்த்தம். நமக்குக் குழப்பமே வராது, பக்கத்துல இருக்கிற வார்த்தை காட்டிக் கொடுத்துடும். ஸ்பானிஷ்ல ஒவ்வொண்ணுக்கும் தனியா யோசிக்கணும்.

ஈவினிங் ஃப்ரீயான்னு கேக்க 'லிப்ரே' சரி. ஓய்வு நேரம், 'தியெம்போ லிப்ரே'. மாட்ரிட்ல டாக்ஸி கண்ணாடியில 'லிப்ரே'ன்னு இருந்தா, வண்டி காலியா இருக்குன்னு அர்த்தம். ஓசி சவாரின்னு நினைச்சு ஏறினா, மீட்டர் ஓடும்!

ஒண்ணு வாங்கினா கிடைக்கிற இன்னொண்ணு 'கிராத்திஸ்'. ஸ்பானிஷ்ல நன்றிக்குச் சொல்ற 'கிராசியாஸ்' இதுக்குச் சொந்தக்காரன், ரெண்டும் ஒரே லத்தீன் வேர். காசுக்கு இல்லாம, ஒரு தயவுக்காகக் கொடுத்தது.

சுகர் ஃப்ரீ, 'சின் அசூக்கர்'. அதாவது சர்க்கரை இல்லாம. ஆனா ஹேண்ட்ஸ் ஃப்ரீ போன் மட்டும் 'மானோஸ் லிப்ரேஸ்'. யோசிச்சுப் பாருங்க, சுகர் ஃப்ரீல சுகர் கிடையாது. ஹேண்ட்ஸ் ஃப்ரீல கை இருக்கு, வேலை இல்லாம சும்மா இருக்கு! இங்கிலீஷ் ரெண்டுக்கும் ஒரே வாலை ஒட்டிடுது. ஸ்பானிஷ் பிரிச்சுடுது.

ஃப்ரீ ஹேர், 'பெலோ சுயெல்த்தோ', அவிழ்த்து விட்ட முடி. 'ஃப்ரீயா விடு' நம்ம ஊர் தயாரிப்பு, அங்க 'தேஹாலோ'ன்னா போதும். விட்டுடுன்னு அர்த்தம்.

இன்னொரு சுவாரஸ்யம். பழைய இங்கிலீஷ்ல 'ஃப்ரீ'ன்னா அடிமையா இல்லாத ஆள். 'ஃப்ரெண்ட்' அதோட கூடப் பிறந்த வார்த்தை. சமஸ்கிருத 'ப்ரிய'வும் அதே குடும்பம்தான், அதுல இருந்து வந்ததுதான் நம்ம 'பிரியம்'. காசு வேண்டாம்ங்கிற அர்த்தம் பிற்பாடுதான் வந்து சேர்ந்துச்சு. சிக்கல் அங்கதான்.

காசு இல்லன்னா வக்கீல் யாரு?

அமெரிக்காவுல போலீஸ் ஒருத்தரைப் பிடிச்சு விசாரிக்கிறதுக்கு முன்னாடி அவரோட உரிமைகளைச் சொல்லணும். 1966ல உச்ச நீதிமன்றம் மிராண்டா வழக்குல போட்ட விதி. அதுல ஒண்ணு, வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லன்னா அரசே ஒருத்தரை ஏற்பாடு பண்ணும்.

ஓரிகன் மாநிலத்துல இருந்து வந்த ஒரு வழக்குல, ஒரு போலீஸ் அதிகாரி இதை ஸ்பானிஷ்ல சொல்லியிருக்கார். இலவச வக்கீல்னு சொல்றதுக்கு அவர் எடுத்த வார்த்தை 'லிப்ரே'. கேக்குறவர் காதுல எப்படி விழும்? "யாராவது வக்கீல் சும்மா இருந்தா, கிடைக்கலாம்." ஒரு உரிமை அப்படியே அதிர்ஷ்டமா மாறிப்போச்சு.

2013ல ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏத்துக்கல. வக்கீல் ஏற்பாடு பண்றது அரசோட கடமை, அது யார் காலியா இருக்காங்கங்கிறதைப் பொறுத்தது கிடையாதுன்னு சொல்லி, கீழ் கோர்ட் முடிவை மாத்திட்டாங்க. இங்கிலீஷ்லயும் உரிமைகளைச் சரியா சொல்லியிருந்தாங்க. அப்பவும் ஸ்பானிஷ் தப்பு சரியாகிடலன்னுதான் தீர்ப்பு.

நியாயமா ஒண்ணு சொல்லிடணும். 'எந்த்ராதா லிப்ரே'ன்னு வாசல்ல போர்டு இருந்தா, யார் வேணா வரலாம்னு அர்த்தம். பெரும்பாலும் டிக்கெட்டும் இருக்காது. அதனால இந்தக் கோடு அவ்வளவு கெட்டியானது இல்ல. ஆனா வாசல்ல குழம்பினா ஒருத்தர்கிட்ட கேட்டுக்கலாம். போலீஸ் முன்னாடி உக்காந்திருக்கிறவர் யார்கிட்ட கேப்பார்?

சாஃப்ட்வேர்காரங்களுக்கும் இதே தலைவலிதான். 1983ல ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆரம்பிச்ச இயக்கம் சொன்ன ஃப்ரீ, சுதந்திரம். எல்லாரும் அதை ஓசின்னே எடுத்துக்கிட்டாங்க. குழப்பத்தைத் தீர்க்க 'லிப்ரே'ங்கிற வார்த்தையை இங்கிலீஷ்லயே கடன் வாங்கினாங்க. லிப்ரே ஆபிஸ்ங்கிற பேர்ல இருக்கிறது அதுதான். தமிழ்ல நாம கட்டற்ற மென்பொருள்னு சொல்றோம், இலவச மென்பொருள்னு இல்ல.

நான் இப்ப பண்றது இதுதான். இங்கிலீஷ்ல இருந்து நேரா ஸ்பானிஷுக்குத் தாவுறதில்ல. நடுவுல தமிழ்ல ஒரு தடவை கேட்டுக்கிறேன்: இலவசமா? சுதந்திரமா? காலியா? இல்லாமலா? அவிழ்த்து விட்டதா? பதில் வந்துட்டா, எந்த வார்த்தைன்னு பாதி தெரிஞ்சுடும்.

இந்த எபிசோட் கிராத்திஸ். கேட்டதுக்கு கிராசியாஸ்!