பாட்டிலுக்குள் மூச்சு வாங்கும் ஆறு

ஒதியம்பட்டுப் பிள்ளைகளுக்குச் சங்கராபரணியை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. செஞ்சிப் பக்கத்தில் பிறந்து, வில்லியனூர் வழியாக வந்து கடலில் சேர்கிற ஆறு. மாசி மகத்தன்று திருக்காஞ்சியில் முழுக்குப் போட எவ்வளவு கூட்டம்! அந்தத் தண்ணீர் குளிக்க ஏற்றதுதானா? தெளிவாக இருக்கிறதே என்று கண்ணை நம்பிச் சொல்லிவிட முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதனை ஆய்வகத்தில் தொடங்குவதில்லை, ஆற்றங்கரையிலேயே தொடங்கிவிடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் மீன்கள் சுவாசிக்கின்றன. நுண்ணுயிரிகளுக்கும் அது வேண்டும். பாட்டிலில் பிடித்த தண்ணீர் வண்டியேறி ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள், உள்ளே இருக்கும் நுண்ணுயிரிகள் அந்த ஆக்சிஜனைத் தின்றுகொண்டே வரும். கணக்கு தப்பாகிவிடும்.

அதனால் கரையிலேயே அந்த ஆக்சிஜனைக் கட்டிப்போடுகிறார்கள். 300 மில்லி கண்ணாடி பாட்டிலில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் நீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடு கரைசலையும் விடுவார்கள். மூடிக் குலுக்கினால் பழுப்பாக ஒரு படிவு கிளம்பி மெல்ல அடியில் இறங்கும். வெள்ளையாகவே நின்றால்? ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம், பாவம், மீன்கள்! பிறகு கந்தக அமிலம் சேர்த்தால் படிவு கரைந்து அயோடின் மஞ்சளாக வெளிவரும். (அமிலம், வீட்டில் விளையாட வேண்டாம்.) ஆய்வகத்தில் அதோடு ஸ்டார்ச் சேர்ந்ததும் கருநீலம். பியூரெட்டிலிருந்து சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, ஏதோ ஒரு சொட்டில் நீலம் சட்டென்று காணாமல் போகும். அதுவரை எவ்வளவு செலவானது என்பதை வைத்து ஆக்சிஜனைக் கணக்கிடுவார்கள். ஹங்கேரிக்காரர் விங்க்லர் 1888-இல் சொன்ன முறை இது. இப்போது மின்கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் எனக்கு இந்த நிற மாற்றம்தான் பிடிக்கும்.

அடுத்தது பி.ஓ.டி., அதாவது உயிரிய ஆக்சிஜன் தேவைச் சோதனை. சற்றுமுன் தொல்லை கொடுத்த அதே நுண்ணுயிரிகளை இப்போது வேலைக்கு அமர்த்துகிறோம். ஒரே நீரில் இரண்டு பாட்டில். ஒன்றில் ஆக்சிஜனை இன்றே அளந்துவிடுவார்கள். இன்னொன்றை 27 டிகிரி சூட்டில், இருட்டில், 3 நாள் வைத்து அளப்பார்கள். எவ்வளவு குறைந்ததோ, அவ்வளவு ஆக்சிஜனை நுண்ணுயிரிகள் தின்றிருக்கின்றன. சாக்கடை கலந்த நீரில் அவற்றுக்கு விருந்துதான். அதனால் அதிகம் குறையும். குளிர்நாடுகளில் இதையே 20 டிகிரியில் 5 நாள் வைப்பது வழக்கம். நம் ஊர்ச் சூட்டுக்கு 3 நாளே போதும். இருட்டு எதற்கு? வெளிச்சம் பட்டால் பாசி புது ஆக்சிஜனை உண்டாக்கிவிடும்!

குளிக்கிற நீரில் இந்த பி.ஓ.டி. லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கோலிஃபார்ம் கிருமிகளுக்குத் தனி எண்ணிக்கை உண்டு.

காற்றுக்கும் இதே கவனம்தான். பி.எம். 2.5 என்னும் நுண்தூசியை அளக்கும் கருவி ஒரு நாளில் சுமார் 24 கன மீட்டர் காற்றை வடிகட்டித் தாள் வழியாக இழுக்கும். இந்தியாவில் ஒரு நாளுக்கான வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். வரம்பைத் தொட்டாலும் தாளில் சேரும் தூசி ஒன்றரை மில்லிகிராம்கூட வராது. புதுச்சேரிக் கடற்காற்றின் ஈரத்தைத் தாள் குடித்தாலே அந்த எடை மாறிப்போகும். எனவே எடை போடும் முன்பும் பின்பும், ஒரே வெப்பமும் ஈரப்பதமும் உள்ள அறையில் தாளை ஒரு நாள் ஓய்வெடுக்க விடுகிறார்கள்.