ஆசிரியர்க்குரிய கல்வித் தகைமைகள்

பவணந்தி முனிவர் தாம் இயற்றிய நன்னூலின் பாயிரத்திலே நல்லாசிரியனை நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கிற்கு ஒப்பிட்டார். அதனோடு அமையாது, ஆசிரியனாதற்கு ஆகாதவன் இவன் எனக் காட்டுதற்கும் நான்கு உவமைகளை எடுத்தாண்டார். கழற்காய் பெய்த குடம் ஒன்று. இட்ட ஒழுங்கிலன்றி முன்பின்னாக உருட்டித் தள்ளுவது அதன் இயல்பு. மடல் சூழ்ந்த பனை மற்றொன்று; கனி தானே விழுந்தாலன்றி ஏறிப் பறித்தல் இயலாது. மூன்றாவது பருத்தி திணித்த குண்டிகை. திணிப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. நான்காவது முடத்தெங்கு, நீர் வார்த்தவன் முற்றத்தை விட்டு அயலான் வளவிலே காயை உதிர்ப்பது. மாலைநேரத் தனியார் வகுப்புக்கள் மலிந்த இக்காலத்தில் இந்நான்காம் உவமைக்கு உரை வேண்டுவதில்லை.

இவற்றைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். குடம் வெறுங்குடமன்று, பனையிலும் தென்னையிலும் காய் இல்லாமலில்லை, குண்டிகையும் நிறைந்தே இருக்கின்றது. நான்கிலும் பொருள் உண்டு. அதனைக் கொடுக்கும் முறையிலேதான் பழுது. பல்கலைக்கழகப் பட்டம் ஒருவனிடத்துப் பொருள் உண்டென்பதற்குச் சான்று. கொடுக்கும் முறை அவனுக்குத் தெரியுமென்பதற்கு அது சான்றாகாது. பட்டம் பெற்றவரும் மீண்டும் மாணாக்கராகி ஆசிரியப் பயிற்சி பெறுதல் வேண்டுமென விதிக்கப்பட்டமைக்குக் காரணம் இதுவேயாம்.

இலங்கையில் ஆசிரியத் தொழிலுக்குரிய பயிற்சி மூன்று வாயில்களால் எய்தப்படுகின்றது. முன்னரே நியமனம் பெற்ற பயிற்சியற்றோருக்கு ஆசிரியர் கலாசாலைகள் உள்ளன. க. பொ. த. உயர்தரத்திற் சித்தியெய்திய இளைஞர்க்குத் தேசிய கல்வியியற் கல்லூரிகள் உள்ளன. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் வழி அமைந்த இவற்றில் ஈராண்டு விடுதியிலிருந்து கற்றலும், ஓராண்டு பாடசாலையிற் கட்டுறு பயிலுநராகப் பணியாற்றலும் விதியாகும். மூன்றாவது பல்கலைக்கழக வாயில். 1949இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை தோன்றிய காலந்தொட்டு வளர்ந்து வந்த இம்மரபின் இன்றைய வடிவமே பட்டப்பின் கல்வி டிப்ளோமா ஆகும். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களும், 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகமும், தேசிய கல்வி நிறுவகமும் இதனை நடாத்தி வருவன.

இவ்வாயிலினுட் புகுதற்கு முதற்றகைமை ஏற்றுக்கொள்ளப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டம். அப்பட்டம் உள்வாரியாகப் பெற்றதாயினும் வெளிவாரியாகப் பெற்றதாயினும் வேற்றுமையில்லை. பகல் முழுவதும் வகுப்பறையில் நின்று, இரவிலே குப்பி விளக்கின் முன்னிருந்து பட்டப் பரீட்சைக்குப் படித்தவர்கள் முன்னாளில் இம்மாவட்டத்திற் பலர் இருந்தனர்; அவர்தம் பட்டத்தை இரண்டாந்தரமாக எண்ணும் மனப்பான்மை சிலரிடத்து இன்னும் மறையவில்லை. விதி அவ்வாறு எண்ணவில்லை என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று. விதி நோக்குவது, பட்டத்திற் கற்ற பாடம் பாடசாலையிற் கற்பிக்கப்படும் பாடத்தோடு பொருந்துகின்றதா என்பதையே.

உட்புகுந்தபின் கற்கவேண்டியவை இருவகைப்படும். கல்வித் தத்துவம், கல்வி உளவியல், சமூகவியல், கணிப்பீடும் மதிப்பீடும், வழிகாட்டலும் ஆலோசனையும், பாடசாலை முகாமைத்துவம் முதலியன ஒருவகை. தாம் கற்பிக்கும் பாடங்களுக்குரிய கற்பித்தல் முறைகள் மற்றொரு வகை. இவற்றுக்கு ஒப்படைகளும் எழுத்துப் பரீட்சையும் உண்டு. இவை அனைத்தினும் மேலாக நிற்பது கற்பித்தற் பயிற்சி. எழுத்துப் பரீட்சையில் எத்துணைப் புள்ளி பெற்றாலும் கற்பித்தற் பயிற்சியிற் சித்தியெய்தாதார்க்கு டிப்ளோமா இல்லை. ஒன்றின் குறையை மற்றொன்றின் மிகுதியால் ஈடுசெய்ய இயலாது என்னும் இவ்விதி கடுமையானதாகத் தோன்றலாம். நீந்துதல் பற்றி நன்றாக எழுதியவனை ஆழ்கடலில் இறங்க விடலாமோ என்று கொட்டியாரக் குடாவின் மீனவர் எவரைக் கேட்பினும் விடை கிடைக்கும்.

கற்பித்தற் பயிற்சியே பலர்க்கு மனத்தாங்கலையும் விளைவிப்பது. பத்துப் பதினைந்தாண்டு கற்பித்த ஒருவர், பரீட்சைகளில் மாணவரைச் சித்தியெய்தச் செய்தவர், தாமே ஒரு பாடசாலையின் பகுதித் தலைவராயிருப்பவர், ஒருநாள் வகுப்பறையின் பின்வரிசையில் விரிவுரையாளர் அமர்ந்திருக்கத் தம் பாடக்குறிப்பை நீட்டவேண்டியவராகின்றார். அக்குறிப்பிலே பாடத்தின் நோக்கம், மாணவரின் முன்னறிவு, நுழைவு, படிமுறை, கணிப்பீடு என ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இவ்வொழுங்கு புதியதன்று. ஜேர்மனியறிஞர் ஹெர்பார்ட் (1776–1841) கூறிய கற்பித்தற் கொள்கையை அவர் வழிவந்தோர் ஐந்து படிகளாக வகுத்தனர். பழைய பயிற்சிக் கலாசாலைகளில் ஆசிரிய மாணவர் அப்படிகளையே மனனஞ் செய்தனர். ஒருவர் கற்பிக்க ஏனையோர் குறைநிறை கூறும் விமரிசன பாடம் என்பதொன்றும் அங்கு நிகழ்ந்தது. 2007ஆம் ஆண்டின் கலைத்திட்டச் சீர்திருத்தத்தோடு இலங்கைக்கு வந்த ஐந்து ‘ஈ’ முறையில் மாணவன் செயல் முன்னிற்க, ஆசிரியன் பேச்சுச் சுருங்கிற்று. ஆயினும் முறை எதுவாயினும், முன்னே வைக்கவேண்டியதை முன்னும் பின்னே வைக்கவேண்டியதைப் பின்னும் வைக்க அறிதலே பாடக்குறிப்பின் பயன். கழற்குடம் ஆகாதிருத்தற்கு வேறு மருந்து இல்லை. அனுபவம் மிக்க ஆசிரியர்க்கு இது வேண்டா என்பாருளர். ஒரே தவற்றைப் பதினைந்தாண்டு செய்தலும் அனுபவம் என்றே பெயர் பெறும் என்பதை அவர் மறந்தனர் போலும்.

பயிற்சியும் பட்டமும் எம்முறையில் வருதல் வேண்டும் என்பது வேறொரு வினா. இதற்கு விபுலாநந்த அடிகளின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். 1892இற் காரைதீவிலே மயில்வாகனன் என்னும் பெயரோடு பிறந்த அவர், பட்டதாரியாகிப் பின் ஆசிரியரானவரல்லர். கொழும்பு அரசினர் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் 1911, 1912ஆம் ஆண்டுகளிற் பயின்று பயிற்றப்பட்ட ஆசிரியரானார். 1916இல் விஞ்ஞான டிப்ளோமாவும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவாறே 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி. எஸ்ஸி. பட்டத்தை வெளிவாரி மாணவராக எய்தினார். இலண்டன் பல்கலைக்கழகம் 1858இல் எங்குமுள்ளார்க்குத் தன் பரீட்சைகளைத் திறந்துவிட்டமையே இதற்கு வாய்ப்பளித்தது. ஆக, கற்பிக்கும் முறை முன்னும், கற்பிக்கும் பொருள் பின்னும் அவரிடத்துச் சேர்ந்தன. இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன. 1920களில் இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் வந்த திருகோணமலை இந்துக் கல்லூரி அவர்தம் கண்காணிப்பிலே தழைத்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவரும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அப்பதவியை ஏற்றவரும் இப்பயிற்றப்பட்ட ஆசிரியரே.

பிற நாடுகளிலும் தகைமை உயர்ந்தே வருகின்றது. பின்லாந்து 1979ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் ஆரம்ப வகுப்பு ஆசிரியர்க்கும் முதுமாணிப் பட்டத்தை விதித்தது. இந்தியாவிலே தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி பி. எட். படிப்பு ஓராண்டிலிருந்து ஈராண்டாயிற்று. புகுமுகத்திற்குப் பட்டத்தில் நூற்றுக்கு ஐம்பது புள்ளி, வகுப்பு வரவு நூற்றுக்கு எண்பது, பாடசாலைப் பயிற்சியில் வரவு நூற்றுக்குத் தொண்ணூறு என வரையறுக்கப்பட்டது. பாடசாலைப் பயிற்சிக்கு வகுப்பினும் கூடிய வரவு கேட்டமை கவனிக்கத்தக்கது.

வரவு என்னும் இச்சொல்லே திருகோணமலை மாவட்டத்து ஆசிரியர்க்குப் பெருஞ்சுமை. இம்மாவட்டத்திலே தேசிய கல்வியியற் கல்லூரி இல்லை. உயர்தரத்திற் சித்தியெய்தி ஆசிரியராக விழைவோர் மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, வவுனியா, யாழ்ப்பாணம் முதலிய இடங்களுக்குச் செல்லுதல் வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் வணிகம், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் ஆகியவற்றைக் கற்பிக்கும் இடமாக வளர்ந்துளது. கல்வித்துறையோ வந்தாறுமூலையிலேயே உளது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுமுன் துறையில் நின்று பாதைக்குக் காத்திருந்து மறுகரை சேர்ந்தவர்கள், இன்று பேருந்தில் நேரே செல்கின்றனர் என்பது மெய்யே. ஆயினும் வெள்ளி மாலை பாடசாலை முடித்து, சனி ஞாயிறு விரிவுரை கேட்டு, திங்கட் காலை புல்மோட்டையிலோ வெருகலிலோ முதற்பாட வேளைக்கு நிற்றல் வேண்டும். கைக்குழந்தையுடைய ஆசிரியைமார்க்கு இது எத்தகைய இடர் என்பதை விரித்துரைத்தல் மிகை. இதனாலே டிப்ளோமாவை ஆண்டுதோறும் ஒத்திப்போடுவோர் பலர். ஒத்திப்போடுவதால் இழப்பும் உண்டு. இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு வெறும் பட்டத்திற்கு ஒரு தரத்தையும், கல்வி டிப்ளோமாவோடு கூடிய பட்டத்திற்கு அதனினும் உயர்ந்த தரத்தையும் வகுத்துள்ளது.

தகைமையை விதிப்போர் அதனை எய்தும் வழியையும் அண்மையிலே அமைத்தல் முறை. திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்கள் உள்ள மாவட்டத்திலே, மும்மொழி மாணவரும் பயிலும் துறைமுக நகரிலே, கல்வித்துறையின் வார இறுதி வகுப்பு ஒன்று நிலையாக நடைபெறுதற்குக் கட்டடக் குறை சொல்ல இயலாது. சனி ஞாயிறுகளிற் பாடசாலை மண்டபங்கள் பூட்டியே கிடக்கின்றன. விரிவுரையாளர் ஐவர் இங்கு வருதல் எளிதா, ஆசிரியர் நூற்றுவர் அங்கு செல்லுதல் எளிதா என்பதைக் கணக்கிடப் பட்டமும் வேண்டா, பயிற்சியும் வேண்டா.